கிண்டி இசிஇயா, திருச்சி என்ஐடி ஐசிஇயா?

கேள்வி: சார், வணக்கம். நான் விருதுநகரில் ஒரு எண்ணெய் மில்லில் சூப்பர்வைசர். நானும் மனைவியும் ப்ளஸ் டூவோடு நின்றவர்கள். மகளுக்கு ஐஐடி, என்ஐடிகளுக்கான ஜோசா கலந்தாய்வில் திருச்சி என்ஐடியில் இன்ஸ்ட்ருமென்டேஷன் அண்ட் கன்ட்ரோல் (ஐசிஇ) கிடைத்திருக்கிறது. தமிழ்நாடு பொறியியல் கட்-ஆஃப் 199. கிண்டியில் (அண்ணா பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரி) எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் (இசிஇ) கிடைத்துவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். மச்சான், 'சென்ட்ரல் கவர்மென்ட் காலேஜை விடாதீங்க' என்கிறார். அவளுடைய பள்ளி ஆசிரியரோ, 'கிண்டி இசிஇயை யாராவது வேண்டாம் என்பார்களா' என்கிறார். மகள் கூச்ச சுபாவம், வெளியே தங்கிப் பழக்கமில்லை. இங்கிலீஷ் புரியும், பேசத் தயங்குவாள். சின்ன வயதிலிருந்து 'இஸ்ரோ' என்று சொல்லிக்கொண்டிருப்பாள். போன லீவில் சித்தப்பா தோட்டத்துக் கிணற்று மோட்டாரை ஆர்டுயினோ என்ற சின்ன கன்ட்ரோல் போர்டு வைத்துத் தானாக ஓடி நிற்கும்படி செய்தாள். சென்னை என்றால் அம்பத்தூரில் அவள் மாமா வீட்டில் தங்க வைக்கலாம் என்று இருக்கிறோம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4 லட்சத்துக்குச் சற்று மேல். எதில் சேர்ப்பது?

பதில்:

அன்புள்ள ஐயா, வணக்கம். உங்கள் மச்சானும் ஆசிரியரும் கல்லூரிப் பெயரை வைத்து வாதாடுகிறார்கள். அந்த வாதத்தை முதலில் தள்ளிவைத்துவிடலாம். கிண்டி 1794இல் சர்வே பள்ளியாகத் தொடங்கி, 1920இல் இப்போதிருக்கும் இடத்துக்கு வந்த கல்லூரி. திருச்சி 1964இல் ஆர்இசியாக (மண்டலப் பொறியியல் கல்லூரி) தொடங்கி 2003இல் என்ஐடி ஆனது. மத்திய அரசின் 2024 என்ஐஆர்எஃப் பொறியியல் தரவரிசைப் பட்டியலில் திருச்சி என்ஐடி 9ஆவது இடம், அண்ணா பல்கலைக்கழகம் 14. இந்த ஐந்து இட வித்தியாசத்தைப் பார்த்து வேலைக்கு எடுக்கும் நிறுவனம் எதுவும் கிடையாது. இரண்டில் எதில் படித்தாலும் பெயர் அவளுக்குக் கைகொடுக்கும்.

நீங்கள் ஒப்பிடுவது இரண்டு கல்லூரிகளை மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். படிப்பின் கிளையும் வேறு வேறு. கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது அந்தக் கிணற்று மோட்டார்தான், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மகளிடம் உட்கார்ந்து ஒரு கேள்வி கேளுங்கள்: அந்த மோட்டார் வேலையில் எந்த இடத்தில் ரொம்ப நேரம் மல்லுக்கட்டினாள்? கிணற்றில் தண்ணீர் மட்டத்தை அறிய ஒரு சென்சார் வைத்திருப்பாள். ஆர்டுயினோவின் இணைப்பு முனையிலிருந்து வரும் ஐந்து வோல்ட் மோட்டாரை ஓட்டாது. ரிலே என்ற சின்ன சுவிட்சை வைத்து, அதன் வழியாக ஸ்டார்ட்டரின் காயிலை இயக்கியிருப்பாள். மோட்டார் ஓடவும் நிற்கவும் ஒரே மட்டத்தைக் கொடுத்திருந்தால், தண்ணீர் லேசாக அலைந்தாலே ரிலே படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும். கொஞ்ச நாளில் ஸ்டார்ட்டரின் கான்டாக்ட் கருகிப்போகும். அதைத் தவிர்க்க, கீழே ஒரு மட்டத்தில் நிற்கவும் மேலே இன்னொரு மட்டத்தில் ஓடவும் வைக்க வேண்டும். இதைத் தானாகவே கண்டுபிடித்து, 'அது சரியா வர்ற வரைக்கும் விடலப்பா' என்று கண் விரியச் சொன்னாள் என்றால், அவள் செய்தது இன்ஸ்ட்ருமென்டேஷன் வேலை. ஐசிஇயில் நான்கு வருடமும் இதன் பெரிய வடிவம்தான்: சென்சார்கள், கன்ட்ரோல் சிஸ்டம்ஸ், ப்ராசஸ் கன்ட்ரோல், பிஎல்சி (ஆலை இயந்திரங்களை இயக்கும் கணினி). எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, மின் நிலையம், மருந்துத் தொழிற்சாலை எல்லாவற்றையும் ஓட வைப்பது இந்தப் படிப்பு.

'மோட்டார் ஓடுதா நின்னுடுச்சான்னு போனுக்கு மெசேஜ் வர வைக்கத்தான் பாடுபட்டேன், ஜிஎஸ்எம் மாட்யூல் சிக்னலே எடுக்கல' என்று சொன்னால் கதை வேறு. சிக்னல் எப்படிப் போகிறது, ஆன்டெனா ஏன் அந்த நீளத்தில் இருக்கிறது, சிப்புக்குள் என்ன இருக்கிறது என்று கேட்பவள் இசிஇக்காரி. அங்கே மூன்றாவது, நான்காவது செமஸ்டரிலேயே எலக்ட்ரோமேக்னடிக்ஸ் வந்துவிடும். கணக்கில் பலம் இல்லாதவர்கள் இசிஇயில் முதலில் வழுக்குவது அந்தப் பேப்பரில்தான். பிறகு கம்யூனிகேஷன், விஎல்எஸ்ஐ (சிப் வடிவமைப்பு), மைக்ரோவேவ் என்று போகும். சர்க்யூட், டிஜிட்டல், சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் போன்ற பேப்பர்கள் இரண்டு கிளைக்கும் பொது. மூன்றாம் ஆண்டில்தான் பாதை நன்றாகப் பிரியும்.

கேட்டுப் பார்த்தும் தெளிவில்லை என்றால், இரண்டு நாள் போதும், இப்படிச் செய்யச் சொல்லுங்கள். என்பிடெல்லில் ஐஐடி பேராசிரியர்களின் பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. 'ப்ராசஸ் கன்ட்ரோல்' வரிசையில் முதல் மூன்று பாடம், 'எலக்ட்ரோமேக்னடிக் தியரி' வரிசையில் முதல் மூன்று பாடம். நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து பார்க்க வேண்டும், படுத்துக்கொண்டு பார்த்தால் எல்லாமே நன்றாகத்தான் தெரியும். புரிந்ததா என்பது இப்போது முக்கியமில்லை, ப்ளஸ் டூ முடித்தவளுக்குப் பாதி புரியாது. எதில் நடுவே நிறுத்தித் தேட ஆரம்பித்தாள், எதில் இன்னும் எத்தனை நிமிடம் என்று பார்த்தாள் என்பதைக் கவனியுங்கள்.

இஸ்ரோ ஆசை பற்றி. விஞ்ஞானி/பொறியாளர் 'எஸ்சி' நிலைப் பணிக்கு (இது பணி நிலையின் பெயர், சாதிப் பிரிவு அல்ல) இஸ்ரோ வழக்கமாக எலக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல், கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று ஆள் எடுக்கிறது. எலக்ட்ரானிக்ஸ் பிரிவுக்குக் கேட்கும் பட்டம் எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன். ஐசிஇ பட்டத்தோடு அந்த வாசலில் நிற்பது கஷ்டம். மறுபக்கம் பாருங்கள்: இசிஇ முடித்தவள் எம்.டெக். சேர்க்கைக்கான கேட் தேர்வில் இன்ஸ்ட்ருமென்டேஷன் பேப்பரை எழுதலாம், கன்ட்ரோல் பக்கம் எம்.டெக். போகலாம், தடையில்லை. சுத்திகரிப்பு ஆலைகளும் ஆட்டோமேஷன் நிறுவனங்களும் இன்ஸ்ட்ருமென்டேஷன் பட்டத்தைத் தேடி எடுப்பது உண்மைதான். ஆனால் இசிஇயிலிருந்து கன்ட்ரோலுக்குப் போகும் பாதை, ஐசிஇயிலிருந்து விண்வெளி எலக்ட்ரானிக்ஸுக்குப் போகும் பாதையைவிட அகலம். மனசு இன்னும் நிலைக்காத பிள்ளைக்கு இது சின்ன விஷயமில்லை.

'முதலில் ஐசிஇயில் சேர்ந்துவிட்டு, நல்ல மார்க் எடுத்து இசிஇக்கு மாறிக்கொள்ளலாம்' என்று யாராவது சொல்வார்கள். காதில் வாங்காதீர்கள். கிளை மாற்றத்துக்கு இருப்பது விரல் விட்டு எண்ணும் இடங்கள். வகுப்பின் முதல் சில பேர் எல்லோரும் அதையே குறிவைத்துப் படிப்பார்கள். அந்த ஒரு வருடம் முழுக்கப் பதற்றத்திலேயே போகும்.

ஆனால் இதே என்ஐடியில் இசிஇ கிடைக்க வேறொரு வழி இருக்கிறது, அதை உடனே பாருங்கள். ஜோசா சாய்ஸ் பட்டியலில் மகள் ஐசிஇக்கு மேலே திருச்சி இசிஇயை வைத்திருக்கிறாளா? வைத்திருந்தால், இடத்தை ஏற்கும்போது 'ஃப்ரீஸ்' கொடுக்காமல் 'ஸ்லைட்' கொடுக்க வேண்டும். அடுத்த சுற்றுகளில் இடம் காலியானால், அதே கல்லூரிக்குள் மேலே இருக்கும் கிளைக்குத் தானாக நகரும். ஃப்ரீஸ் கொடுத்துவிட்டால் அந்த வாய்ப்பு அதோடு முடிந்தது. ஸ்லைடில் இசிஇ வந்துவிட்டால் நீங்கள் கேட்ட கேள்வியே மாறிவிடும். அப்போது கிளை ஒன்றுதான், இடத்தையும் சூழலையும் மட்டும் பார்த்தால் போதும்.

இடம், சூழல் என்று வரும்போது, கூச்ச சுபாவம் என்றால் கிண்டிதான் சரி என்று பெரும்பாலான பெற்றோர் நினைக்கிறார்கள். அது அவ்வளவு நேரானதல்ல.

திருச்சி என்ஐடி துவாக்குடியில், தஞ்சாவூர் சாலையில், ஜங்ஷனிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில், 800 ஏக்கரில் இருக்கிறது. கிட்டத்தட்ட எல்லோரும் விடுதிவாசிகள். விடுதிகளுக்கு ரத்தினக் கற்களின் பெயர், பெண்கள் விடுதிகள் 'ஓபல்'. பாதி இடம் தமிழ்நாட்டில் ப்ளஸ் டூ முடித்தவர்களுக்கு, மீதிப் பாதி வெளி மாநிலத்தவர்களுக்கு. அதனால் தமிழ் பேசும் தோழி கிடைக்காமல் போகமாட்டாள். ஆனால் பக்கத்துக் கட்டில் பெண் தெலுங்கோ இந்தியோ பேசுபவளாக இருக்கலாம், மெஸ்ஸில் வாரத்தில் பாதி நாள் ரொட்டியும் பனீரும் இருக்கும். முதல் மாதம் அழுகைப் போன் வரும். அதற்குத் தயாராக இருங்கள், பயந்து ஓடிப்போய்க் கூட்டி வந்துவிடாதீர்கள். இரவு பத்து மணிக்கும் எல்லோரும் வளாகத்துக்குள்ளேயே இருப்பதால், பேசத் தயங்கும் பிள்ளைகளுக்கும் நட்பு கூடிவரும். ஸ்பைடர், டெல்டா மாதிரியான மாணவர் குழுக்கள் ஏதாவது செய்து காட்டச் சொல்லித்தான் ஜூனியர்களைச் சேர்க்கின்றன. வாயைவிடக் கை அதிகம் பேசும் பெண்ணுக்கு அது பொருத்தம். இங்கிலீஷ் பேசியே ஆகவேண்டிய நிலை வருவதால், இரண்டாம் ஆண்டுக்குள் அந்தத் தயக்கம் உடையும்.

கிண்டியில் பாடம் இங்கிலீஷில், வராந்தாவில் தமிழ். எல்லா மாவட்டத்துப் பிள்ளைகளும், வீட்டில் முதல் பட்டதாரியாக வருபவர்களும் வகுப்பில் நிறைய இருப்பார்கள். 'நான் மட்டும்தான் இப்படியோ' என்ற எண்ணம் உங்கள் மகளுக்கு அங்கே வராது. வந்தவுடன் படிப்பில் இறங்க அது பெரிய பலம். குறை என்னவென்றால், டேஸ்காலர்கள் நிறைய. சாயங்காலம் வகுப்பு முடிந்ததும் பாதி வகுப்பு பஸ் ஏறிப்போய்விடும். விடுதியில் இருப்பவர்களுக்குக் குருக்ஷேத்ரா, டெக்கோஃபெஸ் என்ற கல்லூரி விழாக்களின் வேலைகள் என்று தனியாக ஒரு வாழ்க்கை ஓடும். வீட்டிலிருந்து வருபவர்களுக்கு அதில் கால்வாசிதான் கிடைக்கும்.

ஆகவே, அம்பத்தூர் மாமா வீடு வேண்டாம். அங்கிருந்து கிண்டிக்கு ஒரு நடைக்கு ஒரு மணிநேரத்துக்கு மேல் ஆகும். போகவர இரண்டரை மணிநேரம் நின்றுகொண்டே வந்தவள் ராத்திரி லேப் ரெக்கார்டு எழுதமாட்டாள், எழுதினாலும் வேறெதற்கும் தெம்பிருக்காது. கூச்ச சுபாவமுள்ள பிள்ளை வகுப்பு முடிந்ததும் வீட்டுக்கு ஓடிவிட்டால் நான்கு வருடமும் கூச்சமாகவேதான் இருக்கும். கிண்டி என்றால் விடுதி என்று முடிவு செய்துகொண்டு, சேர்க்கை நாளன்றே விடுதி விண்ணப்பத்தையும் கொடுத்துவிடுங்கள். மாமா வீடு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு இருக்கட்டும். வீட்டுக்கு வந்துபோக விருதுநகரிலிருந்து திருச்சி ரயிலில் ஏறக்குறைய 200 கிலோமீட்டர், சென்னை 500ஐத் தாண்டும். திருச்சி என்றால் வெள்ளி இரவு வீட்டுச் சாப்பாடு, சென்னை என்றால் பெரும்பாலும் பண்டிகைக்குத்தான்.

முடிந்தால் இரண்டு வளாகத்தையும் நேரில் போய்ப் பாருங்கள். கட்டடத்தைப் பார்ப்பதைவிட, துறையில் மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவியை மகளோடு அரைமணிநேரம் பேச வையுங்கள். நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டாம், நின்றால் அந்தப் பெண் உண்மையைச் சொல்லமாட்டாள். மகள் கேட்க வேண்டியவை: முதல் வருடம் ஒரு அறையில் எத்தனை பேர், பெண்கள் விடுதிக்கு எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும், லேப் நேரம் முடிந்த பிறகு ப்ராஜெக்டுக்குத் துறைக்குள் விடுவார்களா, ஒரு பெஞ்சில் எத்தனை பேர் சோதனை செய்கிறார்கள், இன்டர்னல் மார்க் எப்படிப் போடுகிறார்கள், போன வருடம் இந்தக் கிளையிலிருந்து கோடிங் அல்லாத வேலைக்கு எத்தனை பேர் போனார்கள்.

கடைசிக் கேள்வியை விட்டுவிட வேண்டாம். கல்லூரிகள் சொல்லும் 'அதிகபட்ச சம்பளம்' ஒரே ஒருவருக்குக் கிடைத்தது, உங்களுக்கு அதனால் பயனில்லை. கிளைவாரியாக மீடியன் (வரிசையில் நடுவில் இருப்பவரின் சம்பளம்) என்ன, எத்தனை பேர் பதிவு செய்து எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று கேட்க வேண்டும். கிண்டியில் வளாக நேர்காணல்களை நடத்துவது பல்கலைக்கழகத்தின் சியுஐசி மையம். பல்கலைக்கழகத்தின் மற்ற வளாகங்களான குரோம்பேட்டை எம்ஐடி, ஏசிடி (அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி) மாணவர்களும் அதே குடைக்குள் வருகிறார்கள், எண்களைப் பார்க்கும்போது எல்லாம் சேர்ந்ததா, கிண்டி மட்டுமா என்று கவனியுங்கள். என்ஐடியில் ஐசிஇ மாணவர்களை மென்பொருள் நிறுவனங்கள் பெரும்பாலும் அனுமதிக்கும். சிப் நிறுவனங்களில் சில இசிஇ, எலக்ட்ரிக்கல் (இஇஇ) கிளைகளோடு நிறுத்திக்கொள்ளும். எந்தெந்த நிறுவனம் என்பது வருடத்துக்கு வருடம் மாறும், சீனியரிடம்தான் சரியான பதில் கிடைக்கும்.

'அண்ணா யுனிவர்சிட்டி என்றால் அரியர் விழுமே' என்ற பயம் வேண்டாம். அந்தப் பேச்செல்லாம் இணைப்புக் கல்லூரிகளைப் பற்றியது. கிண்டி வளாகத்துக்குத் தனிப் பாடத்திட்டம், பாடம் எடுப்பவர்களே கேள்வித்தாளும் எடுக்கிறார்கள். இரண்டு இடத்திலும் வருகை 75 சதவீதம் இல்லையென்றால் சிக்கல், அதில் யாரும் இரக்கம் காட்டமாட்டார்கள்.

இனி பணம். என்ஐடியில் டியூஷன் கட்டணம் ஆண்டுக்கு ரூ.1,25,000. குடும்ப வருமானம் 1 லட்சத்துக்கு மேல் 5 லட்சத்துக்குள் இருந்தால் அதில் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. உங்களுக்கு ஆண்டுக்குச் சுமார் ரூ.41,700 ஆகும். விடுதி, மெஸ், மற்ற கட்டணங்கள் தனி. தாசில்தார் வருமானச் சான்றிதழ் இல்லாமல் இந்தத் தள்ளுபடி கிடைக்காது, இப்போதே வாங்கி வையுங்கள். கிண்டியில் வழக்கமான பிரிவின் கட்டணம் இதைவிட வெகு குறைவு. உங்கள் மகளுக்கு முதல் பட்டதாரிச் சலுகையும் உண்டு, அதற்கான சான்றிதழை இ-சேவை மையத்தில் வாங்கிச் சேர்த்திருக்கிறீர்களா என்று சரிபாருங்கள். கலந்தாய்வுப் பட்டியலில் கிளைப் பெயருக்குப் பக்கத்தில் 'எஸ்எஸ்' என்று இருந்தால் அது சுயநிதிப் பிரிவு, கட்டணம் கூடுதல். அவசரத்தில் சாய்ஸ் நிரப்பும்போது பலரும் தவறுவது இங்கேதான். கல்விக் கடன் எடுத்தால், ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்குப் படிப்புக் காலத்து வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் உண்டு. வங்கியில் நீங்களாகக் கேட்க வேண்டும். இரண்டு கல்லூரியையும் சமாளிக்க முடியும் என்பதால், பணத்தை வைத்து முடிவெடுக்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை.

என் கருத்தைக் கேட்டீர்கள். மகளின் பதில் கன்ட்ரோல் பக்கம் தெளிவாகச் சாய்ந்தால் திருச்சி, தயங்க வேண்டாம். யார் என்ன சொன்னாலும் அது இரண்டாம் தரத் தேர்வு கிடையாது. பதில் இரண்டுங்கெட்டானாக இருந்தாலோ, இஸ்ரோ ஆசை நிஜமாகவே இருந்தாலோ கிண்டி இசிஇ, விடுதியோடு. ஸ்லைடில் திருச்சி இசிஇ கிடைத்தால் நான் திருச்சியைத்தான் சொல்வேன். வீடும் பக்கம், பேச்சுத் தயக்கத்துக்கும் மருந்து அங்கே இருக்கிறது.

முடிவெடுக்க உங்களுக்கு இருக்கும் அவகாசம் குறைவு, காரணம் இரண்டு கலந்தாய்வுகளின் தேதிகள் ஒத்துப்போவதில்லை. 2024இல் ஜோசா சுற்றுகள் முடிந்த பிறகு, ஜூலை 29 அன்றுதான் தமிழ்நாட்டில் பொதுப்பிரிவுக் கலந்தாய்வு தொடங்கியது. கையில் கிண்டி ஒதுக்கீடு இல்லாத நிலையிலேயே என்ஐடி இடத்தை வைத்துக்கொள்வதா விடுவதா என்று சொல்ல வேண்டியிருக்கும். ஜோசாவில் கடைசிச் சுற்றுக்கு முன் ஒரு தேதி வரை இடத்தைத் திரும்பக் கொடுக்கலாம். செயலாக்கக் கட்டணம் கழித்து மீதி வந்துவிடும். அந்தத் தேதியைத் தாண்டினால் கட்டிய பணத்தை மறக்க வேண்டியதுதான். அந்தத் தேதியைக் காலண்டரில் சிவப்பு மையில் குறித்துவிடுங்கள்.

கிண்டி நிச்சயமா என்பதைக் கட்-ஆஃபை வைத்துக் கணிக்காதீர்கள். கணிதம் 100, இயற்பியலும் வேதியியலும் தலா 50 என்று 200க்குப் போடும் இந்தக் கணக்கில் 199 எடுத்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்களுக்குள் முதலில் கணித மார்க், பிறகு இயற்பியல், அதன் பிறகு மற்றவை என்று வரிசை போடுகிறார்கள். மகளின் ரேங்க்கையும் சமூகப் பிரிவு ரேங்க்கையும் எடுத்துக்கொண்டு, போன வருடம் கிண்டி இசிஇ உங்கள் பிரிவில் எந்த ரேங்க்கோடு மூடியது என்று பாருங்கள். கிண்டி வளாகத்தின் கலந்தாய்வு எண் 1. போன வருடம் மூடிய ரேங்க்குக்கு வெகு முன்னால் இருந்தால் என்ஐடியை விடும் துணிவு வரலாம். ஒட்டி ஒட்டி இருந்தால், கொஞ்சம் பணம் போனாலும் என்ஐடி இடத்தை விடாமல் பிடித்துக்கொண்டு, கிண்டி ஒதுக்கீடு வந்த பிறகு முடிவெடுங்கள்.

சான்றிதழில் ஒரு எச்சரிக்கை. மகளுக்கு என்ஐடி இடம் ஓபிசி பிரிவில் வந்திருந்தால், தமிழ்நாட்டு பிசி சாதிச் சான்றிதழ் அதற்குச் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயர் இல்லை என்று குறிப்பிட்டு, அந்த ஆண்டு ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கிய ஓபிசி-என்சிஎல் சான்றிதழ் வேண்டும். உங்கள் சாதி மத்தியப் பட்டியலிலும் இருக்கிறதா என்று பாருங்கள், மாநிலப் பட்டியலில் இருந்து அதில் இல்லாத சாதிகள் உண்டு. ஜோசா இணையதளத்தில் சரிபார்ப்பவர் ஏதாவது கேள்வி எழுப்பியிருந்தால், குறித்த நேரத்துக்குள் பதில் போடாவிட்டால் இடம் போய்விடும், தினமும் லாகின் செய்து பார்க்கச் சொல்லுங்கள். பள்ளி மாற்றுச் சான்றிதழின் அசல் ஒன்றுதான். அதை எந்தக் கல்லூரியிலும் கொடுப்பதற்கு முன் ஐந்தாறு நகல் எடுத்து அட்டஸ்டேஷன் வாங்கி வையுங்கள், ஸ்கேன் செய்த கோப்பு மகளின் போனிலும் உங்கள் போனிலும் இருக்கட்டும்.